போராதாவின் வழியில்: இஸ்தான்புல்லில் இருந்து கார்ஸ் வரை

திங்கள், இஸ்தான்புல்

துருக்கிய நாட்டார் வழக்காற்றியலை ஒரு தனித்துறையாக நிலைநிறுத்திய பெர்தெவ் நைலி போராதாவ் (1907–1998) படித்த, கற்பித்த, பின்னர் பணி பறிக்கப்பட்ட ஊர்களை அவருடைய வாழ்க்கையின் வரிசைப்படியே சென்று பார்ப்பதுதான் இந்தப் பயணத்தின் நோக்கம். அவர் பிறந்த தாரிதெரே, உதுமானியப் பேரரசு சுருங்கியபின் எல்லைக்கு அப்பால் போய், இன்று பல்கேரியாவில் ஸ்லாதோகிராத் என்ற பெயரில் இருக்கிறது. அவர் இறந்தது பாரிஸில். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட துருக்கியப் பகுதி மட்டுமே என் விடுமுறைக்கும் கையிருப்புக்கும் எட்டியது.

முதலில் பெயாசித் பகுதிக்குச் சென்றேன். இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில், 18ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட செய்யித் ஹசன் பாஷா மதரசாவில், துருக்கியவியல் ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. 1924இல் இதைத் தொடங்கியவர் மெஹ்மெத் ஃபுவாத் கொப்ருலு. 23 வயதிலேயே பேராசிரியர் பதவி பெற்றவர். அஹ்மத் யெசெவி, யூனுஸ் எம்ரே ஆகிய சூஃபிக் கவிஞர்களைப் பற்றி 1918இல் அவர் வெளியிட்ட நூல், அதுவரை பாரசீக மரபின் நிழலாகவே கருதப்பட்டு வந்த துருக்கிய இலக்கியத்துக்கு மத்திய ஆசியாவிலிருந்து அனத்தோலியா வரை நீளும் சொந்த வரலாறு ஒன்று உண்டு என்று காட்டியது. போராதாவ் அவருடைய மாணவர். இனவரைவியலும் புராணவியலும் கலந்து எழுதிய பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் துமெசிலும் அதே ஆண்டுகளில் இஸ்தான்புல்லில் கற்பித்துக்கொண்டிருந்தார். அப்படியோர் இடத்தில் இருபது வயதில் மாணவனாக இருந்தவர் நாட்டுப்புறக் கதைகளின் பக்கம் திரும்பியதில் வியப்பில்லை.

அந்தத் தலைமுறை மாணவர்களின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். போராதாவ் 1927இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது பாடம் முழுவதும் அரபு எழுத்தில் இருந்தது. 1928 நவம்பரில், அரபு எழுத்துக்குப் பதிலாக லத்தீன் எழுத்தைக் கொண்டுவந்த எழுத்துச் சட்டம் வந்தது. 1929 தொடக்கத்திலிருந்து புதிய புத்தகங்களைப் பழைய எழுத்தில் அச்சிட முடியாது. ஆகவே படிப்பின் நடுவிலேயே எழுத்து மாறிப்போனது. கொரோக்லு காவியத்தைப் பற்றி அவர் எழுதிய ஆய்வு 1931இல் புதிய எழுத்தில் நூலாக வெளிவந்தது. லத்தீன் எழுத்து வேண்டாம் என்று முன்பு வாதிட்ட கொப்ருலுவும் அதன்பின் அதே எழுத்திலேயே எழுதினார். இந்த மாற்றத்துக்குப் பின் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தங்கள் தாத்தாவின் கல்லறை வாசகத்தையே படிக்க முடியாமல் போனது என்று அலுத்துக்கொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் வாய்மொழிக் கதைக்கு எழுத்து மாறினால் என்ன, மாறாவிட்டால் என்ன? பாட்டியிடம் கதை கேட்கும் ஊரில் அந்த முறிவு நடக்கவே இல்லை. போராதாவ் தேர்ந்துகொண்ட பொருளின் வலிமை இதில்தான் இருந்தது என்று எனக்குப் படுகிறது.

மாலையில் டிராம் ஓடும் திவான்யோலு தெருவில் நடந்து செம்பெர்லிதாஷுக்கு வந்தேன். கொப்ருலு குடும்பம் 17ஆம் நூற்றாண்டில் தலைமை வசீர்களை அடுத்தடுத்து அளித்த குடும்பம். அவர்களுடைய நூலகமும் கல்லறையும் இங்கேதான் உள்ளன. பேராசிரியர் கொப்ருலுவும் 1966இல் இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். கல்லறைக்கு மேலே கூரை இல்லை, கம்பி வலை மட்டுமே இருக்கிறது. குடும்பத் தலைவரான மெஹ்மெத் பாஷா கொடுமைக்குப் பெயர்போனவர் என்பதால் இறந்தபின் நெருப்பில் வெந்து, தன் மகனின் கனவிலும் சுல்தானின் கனவிலும் வந்து தண்ணீர் கேட்டாராம். அதனால்தான் மழை உள்ளே விழும்படி கூரையைத் திறந்தார்களாம். கடும் ஆதாரங்களையே கேட்கும் வரலாற்றாசிரியர் ஒருவர் இப்படியொரு கதைக்குக் கீழே உறங்குவதை அவருடைய மாணவர் நிச்சயம் ரசித்திருப்பார்.

செவ்வாய், கொன்யா

அதிவேக ரயில் எஸ்கிஷெஹிர் வழியாகச் சமவெளியில் இறங்கியது. கொன்யாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் இந்த ஊருக்கு வருகிறவர்கள் அனைவரும் மெவ்லானா ரூமியின் பச்சைக் குவிமாடத்தைப் பார்த்து எழுதாமல் போவதில்லை. ரூமி எழுதியது பாரசீகத்தில். அவர் இறந்து நான்கே ஆண்டுகளில், 1277இல், கரமான் குடித்தலைவர் மெஹ்மெத் பெய் இதே நகரைக் கைப்பற்றி, அரசவையிலும் மடத்திலும் சந்தையிலும் துருக்கியைத் தவிர வேறு மொழி பேசக்கூடாது என்று ஆணை பிறப்பித்ததாக இப்ன் பீபியின் வரலாறு சொல்கிறது. அவருடைய ஆட்சி நிலைக்கவில்லை. அரசவையில் பாரசீகம் தொடர்ந்தது. ஆயினும் அந்த ஆணையைக் குடியரசு தேடியெடுத்துத் தன் மொழிக் கொள்கைக்கு மூத்தோனாக நிறுத்திக்கொண்டது.

போராதாவ் 1932 முதல் 1936 வரை இவ்வூரில் பள்ளி ஆசிரியர். தலைநகரில் துருக்கிய மொழிக் கழகம் தொடங்கப்பட்டு, அரபு, பாரசீகச் சொற்களை அகற்றும் வேலை சூடுபிடித்த ஆண்டுகள் இவை. மக்களிடமிருந்து சொற்களைத் திரட்டும் பணிக்கு நாடெங்கும் ஆசிரியர்களின் உதவி கோரப்பட்டது. அரசு கிராமத்தானிடம் கேட்டது சொற்களை. போராதாவ் கேட்டது, அந்தச் சொற்களை வைத்து அவன் என்ன கதை சொல்கிறான் என்பதை. இரண்டும் ஒன்றுபோல் தோன்றும்; ஆனால் முன்னதற்குப் பட்டியல் போதும், பின்னதற்குக் கதைசொல்லியின் எதிரே நெடுநேரம் உட்காரவேண்டும்.

1936இல் ஜெர்மனிக்கு மேற்படிப்புக்கு அனுப்பப்பட்ட அவர், நாஜிகளைப் பற்றிய தம் கருத்தை மறைக்காததால் உதவித்தொகை நிறுத்தப்பட்டு மறுஆண்டே திருப்பி அழைக்கப்பட்டார். அவர் வாழ்வில் அரசியல் இப்படிக் குறுக்கிட்டது.

புதன், அக்‌ஷெஹிர்

கொன்யாவிலிருந்து பேருந்தில் மேற்கே இரண்டு மணி நேரப் பயணம். நம் ஊரில் முல்லா என்று அறியப்படும் நஸ்ருத்தீன் ஹோஜாவின் கல்லறை இங்கே இருக்கிறது. தூண்களின்மேல் கூரை, நான்கு புறமும் திறப்பு, ஆனால் வாயிலில் பெரிய பூட்டு. பூட்டின் அருகே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை நின்றுகொண்டு, ஒரு கையால் பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டுத் தூண்களுக்கு நடுவே தலையை நுழைத்து உள்ளே எட்டிப் பார்த்தான். அவனுடைய தாய், "ஹோஜா திருடர்களுக்கு வைத்த சோதனை அது" என்றார். கல்லில் இறப்பாண்டு 386 என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைத் தலைகீழாக, 683 என்று படித்தால் ஹிஜ்ரிக் கணக்கில் அது 1284ஐத் தரும் என்பது ஆய்வாளர்களின் துணிபு. அருகிலேயே உலகின் நடுவிடம் இதுவே என்று ஓர் அடையாளமும் வைத்திருக்கிறார்கள். நம்பாதவர்கள் அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஹோஜாவின் கதைகளில் தைமூர் அடிக்கடி வருவார். தைமூர் அனத்தோலியாவுக்கு வந்து அங்காராப் போரில் வென்றது 1402இல். 1284இல் இறந்தவர் அவருடன் குளியலறையில் உட்கார்ந்து பேரம் பேசுவது எப்படி? எனக்குத் தெரிந்த சுற்றுலா வழிகாட்டிகள் இதைக் குழப்பமாக நினைக்கிறார்கள். போராதாவுக்கு இதுதான் ஆய்வின் தொடக்கம். ஹோஜா என்ற மனிதரைத் தேடுவதைவிட, எந்தக் காலத்து மக்கள் எந்தக் கதையைக் கொண்டுவந்து அவர் தலையில் ஏற்றினார்கள் என்று பார்ப்பதே பயன் தரும் என்ற நிலைப்பாட்டை அவர் எடுத்தார். சல்துக்நாமா என்ற 15ஆம் நூற்றாண்டுக் கதைத் தொகுப்பில் ஹோஜா முதன்முதலில் தென்படுகிறார். அதன்பின் கைப்பிரதிகளில் கதைகள் பெருகிக்கொண்டே போகின்றன. பழைய பிரதிகளில் உள்ள ஹோஜா சற்று முரடர்; வாய்த்துடுக்கும் உடல் சார்ந்த நகைச்சுவையும் நிறைந்தவர். பள்ளிப் புத்தகங்கள் அவரைக் குளிப்பாட்டி, வெள்ளை உடுத்தி, ஞானியாக்கிவிட்டன. போராதாவ் தம் முதுமையில், 1996இல் வெளியிட்ட ஹோஜா தொகுப்பில் அந்தக் கொச்சைக் கதைகளையும் விடாமல் சேர்த்தார். அவற்றை நீக்கிவிட்டால் மக்கள் எதற்குச் சிரித்தார்கள் என்பதையே நீக்கியதாகிவிடும் அல்லவா?

கல்லறைக்கு எதிரே தேநீர் குடித்தபோது, ஹோஜா ஏரியில் தயிர் உறை ஊற்றிக்கொண்டிருக்க, வழிப்போக்கன் ஒருவன் காரணம் கேட்கும் கதையைக் கடைக்காரர் சொன்னார். கேட்ட கதைதான். ஆனால் அவர் சொன்ன கதையில் வழிப்போக்கன் ஒரு வரி வசூலிக்கும் அதிகாரி. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் அந்த இடத்தில்தான் சிரித்தார்கள்.

வியாழன், அங்காரா

இந்தப் பயணத்தில் நான் நெடுநேரம் செலவிட்டது சிஹ்ஹியே பகுதியில் உள்ள மொழி, வரலாறு, புவியியல் புலத்தின் முன்னால்தான். 1936 ஜனவரியில் கற்பித்தலைத் தொடங்கிய இப்புலத்துக்கு, நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறிய கட்டடக் கலைஞர் புரூனோ தாவுத் கட்டடம் அமைத்தார். "வாழ்க்கையில் மிக உண்மையான வழிகாட்டி அறிவியலே" என்ற, குடியரசின் நிறுவனர் அத்தாதுர்க்கின் வாக்கியம் முகப்பில் இருக்கிறது. தாவுத்தைப் போலவே நாடிழந்த பலர் இங்கே பாடம் நடத்தினார்கள். சுமேரியம், ஹிட்டைட், சீனம், சமஸ்கிருதம் ஆகியவற்றுக்குத் துறைகள் ஏற்பட்டன. இந்தியவியலை வால்டர் ரூபன் கற்பித்தார். சீனவியலை வோல்ஃப்ராம் எபர்ஹார்ட் கற்பித்தார். துருக்கியத் தேசிய வரலாற்றை எழுதுவதற்காகத் தொடங்கிய நிறுவனத்தில் உலகின் பாதி மொழிகள் வந்து குடியேறியது ஒரு நல்ல விபத்து.

1938இல் போராதாவ் இங்கே பணியில் சேர்ந்தார். அவரும் எபர்ஹார்டும் சேர்ந்து செய்த வேலை இன்றும் உலகெங்கும் கதை ஆய்வாளர்களின் மேசையில் கிடக்கிறது. மாணவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது தங்கள் பாட்டி, அத்தை, ஊர்க் கதைசொல்லி ஆகியோரிடம் கேட்டு எழுதிவரவேண்டும். ஒவ்வொரு கதைக்கும் சொன்னவர் யார், எந்த ஊர், யாரிடம் கேட்டார் என்ற குறிப்பு வேண்டும். இப்படிச் சேர்ந்த கதைகளைப் பகுத்து, துருக்கிய நாட்டுப்புறக் கதைகளுக்கு 378 வகைகள் கொண்ட ஓர் அட்டவணையை அவ்விருவரும் உருவாக்கினர். ஒரு வகையின் கீழே கதைச் சுருக்கம் எண்ணிட்ட படிகளாக இருக்கும். பிறகு எந்த ஊர் வடிவத்தில் எந்தப் படி விடுபட்டது, எது மாறியது என்று வரும். ஜெர்மானியச் சீனவியலாளர் ஒருவரும் துருக்கியர் ஒருவரும் சேர்ந்து இப்பணியைச் செய்து ஜெர்மன் மொழியில் 1953இல் வெளியிட்டார்கள். அப்போது அவ்விருவரில் ஒருவர்கூட துருக்கியில் இல்லை.

இல்லாமல்போன கதையைச் சொல்லவேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்து சோவியத் அச்சம் பரவிய ஆண்டுகளில், போராதாவ், சமூகவியலாளர்கள் நியாசி பெர்கெஸ், பெஹிஜே போரான் ஆகியோர் மீது இடதுசாரிப் பரப்புரை செய்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1947 டிசம்பரில் மாணவர் கூட்டம் ஒன்று பல்கலைக்கழகத்துக்குள் புகுந்து துணைவேந்தரிடம் பதவி விலகல் கடிதம் எழுதி வாங்கியது. பணிநீக்க முடிவைப் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான குழு ஏற்கவில்லை. உடனே நாடாளுமன்றம் வேறு வழி கண்டது: 1948 ஜூலையில் வரவுசெலவுத் திட்டத்திலிருந்தே அந்தப் பணியிடங்களை நீக்கிவிட்டது. ஆளை நீக்க முடியாவிட்டால் நாற்காலியை நீக்கு என்ற இந்த உத்தி எந்த நாட்டு அலுவலகத்திலும் செல்லும் என்பதால் விளக்கம் தேவையில்லை. நாட்டார் இலக்கியத்துக்கென்று அமைந்த இருக்கையும் அத்துடன் போயிற்று. பின்னர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆனால் திரும்பிச் செல்ல வேலை இல்லை.

1952இல் பாரிஸ் சென்ற போராதாவ், பிரெஞ்சு தேசிய ஆய்வு மையத்தில் பணியாற்றி, வாழ்நாளின் எஞ்சிய பகுதியை அங்கேயே கழித்தார். கதைத் தொகுப்புகள், கதைத் தொடக்கத்தில் வரும் பிதற்றல் பாட்டுகளைப் பற்றிய 1963ஆம் ஆண்டு ஆய்வு, நாட்டார் இலக்கியத்துக்கும் வழக்காற்றியலுக்கும் நூறு நூறு கேள்விகளாக எழுதிய எளிய அறிமுக நூல்கள் என்று எல்லாமே பாரிஸிலிருந்து வந்தன. அந்தப் பிதற்றல் பாட்டை எந்தத் துருக்கியக் குழந்தையும் அறியும்: ஒன்று இருந்ததாம், ஒன்று இல்லையாம், ஒட்டகங்கள் தண்டோரா போட்ட காலத்தில், தெள்ளுப்பூச்சிகள் முடி திருத்திய காலத்தில், நான் என் தாயின் தொட்டிலைத் தடதடவென்று ஆட்டிய காலத்தில் என்று அது ஓடும். இந்தச் சிறு பிதற்றலுக்கு ஒரு முழு நூலைக் கொடுத்தவரை நாட்டுக்கு ஆபத்தானவர் என்று நம்புவதற்குக் கொஞ்சம் கற்பனை வேண்டும்.

அவருடைய சேகரிப்பு பாரிஸ் அருகே நாந்தேரிலும், அதன் பிரதி இஸ்தான்புல்லிலும் இருப்பதாக, புல வாயிலில் பேச்சுக் கொடுத்த முதுகலை மாணவி சொன்னார். கிழக்கே போகிறேன் என்றதும், "ஹோஜாம் (ஆசிரியரே), தேநீர்க் கடையில் கதையை மட்டும் பதிவு செய்துவிட்டு வந்துவிடாதீர்கள், யார் எப்போது எழுந்து போனார்கள் என்பதையும் எழுதுங்கள்" என்று அறிவுரை சொன்னார். பாடத்தை நன்றாகவே படித்திருக்கிறார்.

வெள்ளி, கிழக்கு விரைவு ரயிலில்

அங்காராவில் மாலையில் ஏறினால் மறுநாள் மாலையில்தான் கார்ஸ். சிவாஸ் மாகாணம் இரவில் கடந்துபோகும். அம்மாகாணத்தில் உள்ள பனாஸ் கிராமத்தவரும் அலெவி என்ற இஸ்லாமியப் பிரிவின் கவிஞருமான பீர் சுல்தான் அப்தாலைப் பற்றி, அப்துல்பாகி கொல்பினார்லியுடன் சேர்ந்து போராதாவ் 1943இல் ஒரு நூல் வெளியிட்டார். மாகாணத்தின் கெமெரெக் ஊர்க்காரரான இல்ஹான் பாஷ்கொஸ், அங்காராவில் போராதாவிடம் படித்து, பின்னர் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தார். பாஷ்கொஸ் செய்த ஒரு சோதனையை இங்கே குறிப்பிட்டால்தான் அடுத்த நாள் புரியும். போசோஃப் ஊரைச் சேர்ந்த முதாமி என்ற ஆஷிக்கை (சாஸ் என்ற நீள்கழுத்து நரம்புக் கருவியை மீட்டிக் கதையும் பாட்டும் சொல்பவர்களுக்கு இப்பெயர்) ஒரே கதையை முதலில் காபிக் கடையில் தம் வழக்கமான கேட்போரிடமும், பிறகு ஆசிரியர் சங்க அரங்கில் படித்தவர்களிடமும் சொல்ல வைத்தார். கடையில் விரிந்த கதை அரங்கில் சுருங்கியது. சொல்பவர் மாறவில்லை, கதையும் மாறவில்லை, எதிரே உட்கார்ந்தவர்கள்தான் மாறினார்கள். ஆசிரியர் தொடங்கிவைத்த கேள்விக்கு மாணவர் கண்ட விடை அது.

ஞாயிறு, கார்ஸ்

ரஷ்யர்கள் நாற்பதாண்டுகள் ஆண்ட ஊர் என்பதைக் கருங்கல் வீடுகளும் நேரான தெருக்களும் காட்டுகின்றன. கொரோக்லு பாட்டு, கேரெம் கதை, ஆஷிக் கரீப் கதை ஆகியவை இந்த எல்லைப்புறத்தில்தான் முழுமையாக வாழ்ந்தன. சில்தீர் வட்டாரத்தின் ஆஷிக் ஷென்லிக் (1850–1913) தம் மாணவர்கள் வழியாக ஒரு பரம்பரையையே விட்டுச்சென்றார். நம் காலத்தில் முராத் சோபனோக்லு (1940–2005) கார்ஸில் ஆஷிக்குகளுக்கென்றே ஒரு காபிக் கடை நடத்தினார். 2009இல் யுனெஸ்கோ ஆஷிக் மரபைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்த்ததால் வாடிக்கையாளர் கூடிவிடவில்லை என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள்.

மாலையில் அப்படியொரு கடைக்கு இரண்டு ஆஷிக்குகள் வந்தார்கள். முதலில் போட்டிப் பாட்டு: கேட்போர் ஒருவர் எதுகை கொடுக்க, இருவரும் மாற்றி மாற்றி அடி கட்டவேண்டும். பிறகு இளையவர் கோட்டின் மடிப்பிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து, கீழுதட்டுக்கும் மேலுதட்டுக்கும் நடுவே செங்குத்தாக நிறுத்தி, முனை மேலுதட்டைத் தொடும்படி பல்லில் சேர்த்துக்கொண்டார். ப, ம, வ ஒலிகளில் ஒன்று வந்தாலும் உதடு குத்துப்படும். சாஸின் வேகம் ஏற ஏற, ஊசி சற்றும் அசையாமல் அடி மேல் அடியாக வந்தது. நம் நிரோட்டகப் பாட்டை, "யாதனின் யாதனின் நீங்கியான்" என்ற குறளை, பள்ளியில் உதடு தொடாமல் சொல்லிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை உடனே விளங்கும். ஆனால் நம் புலவர்கள் ஏட்டில் செய்ததை இவர் ஊசியை வைத்துக்கொண்டு நின்ற இடத்தில் கட்டுகிறார்.

இரவு ஒன்பதுக்கு மூத்தவர் கேரெம் கதையின் கடைசிப் பகுதியைத் தொடங்கினார். முஸ்லிம் இளைஞன் கேரெமும் அர்மீனியப் பாதிரியாரின் மகள் அஸ்லியும் பல ஊர் அலைந்து, ஒருவழியாகத் திருமணம் நடக்கிறது. முதலிரவில் அஸ்லி அணிந்த ஆடையில் மந்திரப் பொத்தான்கள்; கேரெம் கடைசிப் பொத்தான்வரை அவிழ்ப்பான், அவை மேலிருந்து மீண்டும் பூட்டிக்கொள்ளும். விடியும்போது அவன் விடும் பெருமூச்சில் நெருப்புப் பற்றிச் சாம்பலாவான்; சாம்பலைக் கூந்தலால் கூட்டும் அஸ்லியும் எரிவாள். அச்சிட்ட வடிவங்களில் இப்படித்தான் முடியும்.

நான் குறிப்பேட்டில் எழுதியவை: கேட்போர் முப்பதுக்குள்; பெண்கள் நால்வர், மூவர் வெளியூர்; முதல் பொத்தான் பாட்டின்போது தொலைபேசி பார்த்துக்கொண்டிருந்த இருவர் தலைநிமிர்ந்தனர்; ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் போலத் தோன்றிய பெரியவர் ஒவ்வோர் அடிக்கும் "வாழ்க" என்று குரல் கொடுத்தார். மூன்றாம் முறை பொத்தான்கள் பூட்டிக்கொண்டபோது அந்தப் பெரியவரே, "உஸ்தா, இன்றைக்கு அவர்களை எரிக்காதே, வீட்டில் பேத்திக்குத் திருமணம்" என்றார். கடையில் சிரிப்பு. எதிர்மூலையில் இருந்த ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. என் தந்தை கேட்ட கதையில் கேரெம் எரிந்தான், எரியாவிட்டால் அது கேரெம் கதையே இல்லை என்று மேசையைத் தட்டினார். வாக்குவாதம் தேநீர் ஒரு சுற்று வரும்வரை நீடித்தது. ஆஷிக் குறுக்கே பேசாமல் சாஸின் திருகாணிகளை முறுக்கிச் சுருதி சரிபார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெரியவர் பக்கம் தலையசைத்து, இடர் வேளையில் உதவ வரும் சாவில்லாத ஞானியான ஹிஸிர் வந்து அஸ்லியின் ஆடையைத் தொட்டதாக ஓர் அடி கட்டினார். பொத்தான்கள் அவிழ்ந்தன. மூலையில் இருந்தவர் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போனார். அதையும் நேரத்துடன் குறித்துக்கொண்டேன்.